சாராள் அத்தையின் சார்ஜர் ஒயர்

சாராள் அத்தை ஒரே வருடத்தில் ஐந்து சார்ஜர் வாங்கினாள். போன் ஒன்றுதான். அது இன்றும் ஓடுகிறது. சார்ஜர்கள்தான் ஒவ்வொன்றாகச் செத்தன. ஒவ்வொரு முறையும் அத்தை அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவாள். "ஜெஸ்ஸி, இது இன்னா ஆச்சினு பாரு" என்பாள். நான் ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். படித்தவளுக்கு ஒயரைப் பற்றித் தெரியாமல் இருக்காது என்பது அவள் முடிவு.

அத்தை என் அப்பாவின் அக்கா. சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் காலனியில், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். முப்பத்தெட்டு வயதுவரை அடுத்தவர் கழனியில் கூலி வேலைதான். நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாம் செய்வாள். வைக்கோல் புரி திரித்துக் கட்டுக் கட்டுவதற்கு அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அவள் கட்டிய கட்டு வண்டியிலிருந்து விழுந்தாலும் அவிழாது. பிறகு கழனிக்காரர்கள் நிலத்தை விற்றார்கள், தொழிற்பேட்டை வந்தது. அத்தைக்கு அங்கே ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை கிடைத்தது. "வெய்யிலு இல்ல, சேறு இல்ல, தலைக்கு மேல ஃபேன் ஓடுது. கழனிய நெனச்சாலே முதுகு வலிக்குதுடி" என்பாள். அந்த வேலையை அவள் எவ்வளவு விரும்பினாள் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில்கூட கேன்டீனில் கொடுத்த நீலக் கோட்டைத் துவைத்து, நீவி, மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வேலை இரண்டாவது ஷிஃப்ட். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பம். கேன்டீன் கான்ட்ராக்டர் ஒரு வேன் விட்டிருந்தார். அதை ஓட்டியவர் தாமோதரன். ஒரகடம் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டைத் தாண்டி, ஹைவேயில் வந்து எங்கள் காலனிப் பெண்களை ஏற்றிக்கொண்டு போவார். அந்த கேட் எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பன்னிரண்டே முக்காலுக்கு வேன் வரும், மறுநாள் ஒன்றரைக்கு வரும். அதனால் ஒரு ஏற்பாடு. கேட்டைத் தாண்டியதும் தாமோதரன் அத்தையின் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அத்தை ஒரு ரிங்கில் அதை வெட்ட வேண்டும். வெட்டினால் 'வருகிறோம், ஸ்டாப்பில் நிறுத்து' என்று அர்த்தம். உடனே ஏழு பெண்களும் அடுப்பை அணைத்துவிட்டு ரோட்டுக்கு ஓடுவார்கள். வெட்டாவிட்டால் எங்கள் ஸ்டாப்பில் ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டு அவர் ஹைவேயிலேயே நேராகப் போய்விடுவார். நின்று பார்க்க மாட்டார்.

ஏழு பேருக்கும் அந்த ஒரு போன்தான். மற்றவர்கள் வீட்டில் போன் இருந்தால் அது புருஷன் சட்டைப் பையில் இருந்தது.

இரண்டாயிரத்து ஏழு டிசம்பரில் சூப்பர்வைசர் ஒரு சேதி சொன்னார். மார்ச் கடைசியில் கான்ட்ராக்ட் முடிகிறது, ஏப்ரலுக்குப் புதுப் பட்டியல். இப்போதிலிருந்து மூன்று தடவை வண்டியைத் தவறவிட்டவர்கள் பெயர் அதில் இருக்காது. அத்தை அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாக போனை எடுத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆனால் சார்ஜரை எங்கே வைத்தாள்? அதை இறுக்கச் சுருட்டி, ஒரு முடிச்சுப் போட்டு, கழுத்தைப் பிடித்து ஆணியில் மாட்டினாள். கயிறு மாதிரி இருக்கும் எதையும் அவள் தரையில் விடமாட்டாள். சுருட்டுவாள், கட்டுவாள், மாட்டுவாள்.

போனோடு வந்த முதல் சார்ஜர் இப்படித்தான் செத்தது. போனில் செருகும் பின்னுக்குப் பக்கத்தில் ரப்பர் வெடித்துச் செம்பு தெரிந்தது. அதன் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டினாள். ஒயரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். பிடிக்க ஆள் இல்லாததால் அதன் மேல் உப்பு ஜாடியை வைத்தாள். அத்தை மகள் ரூத், ஐந்தாவது படிக்கிறவள், கூழுக்கு உப்பு போட ஜாடியை நகர்த்தினாள். அன்று மதியம் போன் அணைந்து கிடந்தது. வேன் போய்விட்டது. முதல் தடவை.

"ஒரு ஜாடி நவுந்தா ஏழு பேரு வேல போவுமா? இன்னாடி அநியாயம் இது!" என்று கத்தினாள் செங்கம்மாள். அவளும் அந்த ஏழு பேரில் ஒருத்தி. அத்தையோடு தினமும் சண்டை போடுவாள், தினமும் அத்தை பக்கத்து சீட்டில்தான் உட்காருவாள்.

அடுத்த சார்ஜரை அத்தை செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் ஒரு தள்ளுவண்டியில் வாங்கினாள். நான் கூடப் போகவில்லை. போயிருந்தால் சண்டை அங்கேயே நடந்திருக்கும். எப்படிப் பார்த்து வாங்கினாள் என்று கேட்டேன். "கவுறு பாக்கறாப்ல பாத்தேன்" என்றாள் பெருமையாக. வண்டியில் இருந்ததிலேயே தடிமனான ஒயரை எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்திருக்கிறாள். அறுந்து வரவில்லை. வாங்கிவிட்டாள்.

"அத்தை, ஒயர்ல மாடா கட்டப் போற? தடியா இருந்தா இன்னா, ஒல்லியா இருந்தா இன்னா?"

"தடியா இருந்தா ஒழைக்கும்டி. இதுகூடவா படிப்புல சொல்லித் தரல?"

இருபது நாள் உழைத்தது. வண்டிக்காரனிடம் போய்ச் சண்டை போட்டுப் பாதி விலைக்கு அதே மாதிரி இன்னொன்று வாங்கி வந்தாள். அதையும் இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினாள். அது பன்னிரண்டு நாள்.

இதற்கு நடுவில் காணும் பொங்கல் வந்தது. கேன்டீன் பெண்கள் எல்லோரும் சேர்ந்து மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனார்கள். எல்லோரும் சங்கும் பாசிமணியும் வாங்கி வந்தார்கள். அத்தை மட்டும் சார்ஜர் வாங்கி வந்தாள். ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், அந்த ஒயரின் நுனியில் பத்து வால்கள், ஒவ்வொரு வாலிலும் ஒரு பின். எந்த போனுக்கும் போடலாமாம். பாசிமணிக் கடைக்குப் பக்கத்தில் விரிப்பு போட்டு விற்றிருக்கிறார்கள்.

"ஒரு வாலு போச்சினா இன்னொரு வாலு கீது. இப்ப இன்னா பண்ணுவ?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அத்தை, உன் போனுக்கு ஒரு வாலுதான் பொருந்தும். மத்த ஒம்பதும் சும்மா தொங்கும்."

"தொங்கட்டுமே. உனக்கு இன்னா வலிக்குது?"

எனக்கு வலித்தது. அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தால் எடையே இல்லை. காலித் தீப்பெட்டி மாதிரி இருந்தது. பழைய சார்ஜரின் முதுகில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருந்தது. இதன் முதுகில் ஒரு ரோஜாப்பூ படம் இருந்தது. சொன்னேன். "பூ நல்லாத்தான கீது" என்றாள்.

அந்த ரோஜாப்பூ சார்ஜர் போட்ட அரை மணியில் கொதிக்கும். ஒரு மாதத்தில் போனின் பேட்டரி உப்பிப்போய், பின்மூடி மூடவில்லை. அத்தை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினாள். பிப்ரவரியில் ஒரு நாள் காலை ரூத் சார்ஜ் ஏறும்போதே போனை எடுத்துப் பாம்பு விளையாட்டு ஆடினாள். திடீரென்று அலறிக்கொண்டு போனை வீசினாள். கை சுர்ரென்று இழுத்ததாம். சுவரில் ப்ளக் இருந்த இடத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம். ரப்பர் கருகின நாற்றம் வீடு முழுக்க. அத்தை மெயினை அணைத்துவிட்டுக் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். அன்று மதியமும் போன் இல்லை. வேன் போய்விட்டது. இரண்டாவது தடவை.

மறுநாள் காலை நானே அத்தையை இழுத்துக்கொண்டு செங்கல்பட்டு போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பரணிதரன் என்பவரின் செல்போன் ரிப்பேர் கடை. முதலில் பேட்டரியை மாற்றினோம். பிறகு சார்ஜர் கேட்டோம். அவர் நான்கைந்தை எடுத்து மேசையில் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தாள்.

"இன்னாக்கா, கவுறு இழுக்கற போட்டியா?" என்று பரணிதரன் பிடுங்கிக்கொண்டார்.

"இழுத்தா வர்ற ஒயரு எனக்கு எதுக்குப்பா?"

"இழுத்தா எந்த ஒயரும் வரும்கா. அது இழுக்கறதுக்கு இல்ல."

"அப்ப தெனம் எப்படிப் புடுங்கறது?"

"தலையப் புடிச்சிப் புடுங்கணும். ஒயரப் புடிச்சி இல்ல."

அத்தை நம்பவில்லை. இருக்கிறதிலேயே தடியான ஒன்றைக் காட்டி அதுதான் வேண்டும் என்றாள். பரணிதரன் பெருமூச்சு விட்டுவிட்டு, குப்பை டப்பாவிலிருந்து அதே மாதிரி செத்துப்போன ஒன்றை எடுத்தார். பிளேடால் ரப்பரை நீளமாகக் கீறி விரித்தார். சுண்டுவிரல் மாதிரி இருந்த ஒயருக்குள்ளே தலைமுடி மாதிரி நான்கு கம்பி.

"மேல பூரா ரப்பருதான். தடி தடின்னு வாங்கினு போறீங்க, உள்ள ஒன்னும் இல்ல."

அத்தை அந்த நான்கு கம்பியை விரலால் நெருடிப் பார்த்தாள். "மோசம் பண்ணிட்டான் ஸ்டேஷன்காரன்" என்றாள். தன் மேல் தப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

பிறகு நான் தேர்ந்தெடுத்தேன். போனோடு வந்த பழைய சார்ஜரையும் பையில் எடுத்துப் போயிருந்தேன். அதன் முதுகில் இருந்த வோல்ட் கணக்கும் புதியதில் இருந்ததும் ஒன்றுதானா என்று பார்த்தேன். கையில் எடுத்தால் கனம் இருந்தது. ஒயர் பெட்டியை விட்டு வெளியே வரும் இடத்திலும், பின்னோடு சேரும் இடத்திலும் படிப்படியாக மெலியும் ரப்பர் உறை இருந்தது. வளைத்தால் வளைந்து, விட்டால் தானாக நிமிர்ந்தது. மற்றதெல்லாம் வளைத்த இடத்திலேயே மடிந்து நின்றது. ப்ளக்கில் போட்டால் ஆடாமல் நின்றது. கடையிலேயே கால் மணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

"நூத்தி எம்பது" என்றார் பரணிதரன்.

"நூத்தி எம்பதா! பொண்ண ஏமாத்தலாம்னு பாக்கறியா?"

"நான் ஏமாத்தல. உங்க பொண்ணு என் உயிர வாங்கிட்டுதான் இத எடுத்துகிது."

"எம் பொண்ணு இல்ல, தம்பி பொண்ணு. எம் பொண்ணா இருந்தா அம்பதுக்கு முடிச்சிருப்பா."

வாங்கினோம். பஸ்ஸில் வரும்போது மூன்று தடவை சொன்னேன். சுருட்டாதே, முடிச்சுப் போடாதே, ஆணியில் மாட்டாதே. ரூத்தை சார்ஜ் ஏறும்போது தொட விடாதே. அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே "சரிடி, சரிடி" என்றாள். அந்த இரண்டாவது 'சரிடி'யை நான் கவனித்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். சார்ஜர் ஆணியில் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அலமாரியில் ஒரு துணிமேல் படுக்கவைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தால், அந்த மெலிகிற ரப்பர் உறையின் மேல், பின்னிலிருந்து இரண்டு விரற்கடை தூரம், வெள்ளை நைலான் நூலால் நெருக்க நெருக்கச் சுற்றி இறுக்கியிருந்தாள். மேலே மெழுகுவர்த்தியை உருக்கித் தேய்த்திருந்தாள். கல் மாதிரி இருந்தது.

"அத்தை! இது இன்னா?"

"வாய் கட்டிகீறேன். புதுக் கவுறு எடுத்தா மொத வேல அதான். வாய் கட்டலனா முனை பிரிஞ்சிகினு போவும். எவ்ளோ அழகா கீது பாரு."

உண்மையாகவே அழகாக இருந்தது. அதுதான் எரிச்சல். ஒரு நூல்கூட ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. ஆனால் வளைய வேண்டிய இடத்தை அவள் வளையவிடாமல் செய்துவிட்டாள். இனி கட்டு முடிகிற இடத்தில் ஒயர் நேராக மடியும். எல்லா வளைவும் அந்த ஒரு புள்ளியில் விழும். கயிறு பிரியும், அதற்கு வாய் கட்ட வேண்டும். ஒயர் பிரியாது, உள்ளே ஒடியும். இதைத் தமிழில், கையால் காட்டி, தரையில் வரைந்து, எல்லா விதத்திலும் சொன்னேன்.

"நான் எத்தினி கட்டு கட்டிகீறேன், ஒன்னாச்சும் அவுந்துதா?" என்றாள்.

"அவுறாது அத்தை! அவுறாததுதான் பேஜாரு!"

பிரிக்கப் பார்த்தேன். மெழுகு ஏறிய நூல் அசையவில்லை. பிளேடு வைத்தால் ஒயரும் வெட்டுப்படும். விட்டுவிட்டேன்.

மார்ச் இருபத்தாறாம் தேதி. பட்டியல் போட இன்னும் மூன்று நாள். காலையில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. வந்ததும் அத்தை போனை சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள், சமைத்தாள். பன்னிரண்டு மணிக்கு எடுத்துப் பார்த்தால் போன் உயிரோடு இல்லை. ஒயரை நகர்த்தினால் ஒரு நொடி வெளிச்சம் வரும், போய்விடும். கட்டு முடிகிற இடத்தில்தான். சரியாக அங்கேதான்.

அத்தை என்னைக் கூப்பிட்டாள். வழக்கமாகக் கத்துவாள், அன்று மெதுவாகக் கூப்பிட்டாள். நான் பத்து நிமிடம் ஒயரைத் திருகிப் பார்த்தேன். சார்ஜ் காட்டும் கோடு ஒன்றுகூட ஏறவில்லை. ஏழு பெண்களும் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

"டீக்கடைல ஒரு ரூவா போன் கீதே, அதுலேந்து டிரைவருக்குப் போடு" என்றாள் செங்கம்மாள்.

"நம்பரு?" என்றேன்.

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை போனைப் பார்த்தாள். நம்பர் அதற்குள்தான் இருந்தது.

"போச்சி. மூணாவது வாட்டி" என்று செங்கம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "நூலு கட்னா, மெழுகு தடவுனா, கல்யாணப் பொண்ணாட்டம் சோடிச்சா. எம் பேரு போச்சினா உன் வூட்டு வாசல்லயே சமைச்சித் துன்னுவேன், சொல்லிட்டேன்."

எனக்கும் அத்தையைத் திட்ட வேண்டும்போல இருந்தது. மூன்று மாதமாக நான் சொன்னது ஒன்றைக்கூட அவள் கேட்கவில்லை. வாயைத் திறந்தேன். அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மணி இன்னா?"

"பன்னண்டு இருவது."

"வண்டி எங்க நிக்கும் இப்ப?"

"எங்க நிக்கும்? கேட்டுலதான்."

சொல்லும்போதே எனக்குப் புரிந்தது. மிஸ்டு காலை வெட்டாவிட்டால் வேன் எங்கள் ஸ்டாப்பில் நிற்காது. ஆனால் ரயில்வே கேட்டில் நின்றே ஆக வேண்டும். மூடியிருந்தாலும் நிற்கும், திறந்தாலும் அங்கே வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நடக்கிற வேகத்தில்தான் நகரும்.

ஏழு பேரும் ரோட்டுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். முதலில் வந்த ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். அதிலேயே எட்டுப் பேரும் ஏறினோம். டிரைவர் "யம்மா, ஆட்டோவா லாரியா இது" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எலக்ட்ரிக் டிரெயின் கடந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் லாரிகளுக்கு நடுவே எங்கள் வெள்ளை வேன் தெரிந்தது. கேட் தூக்கியதும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் புகுந்து, நடுவில் சிக்கிக்கொண்டு, ஹாரன் அடித்தார்கள். வேன் எங்கள் பக்கம் ஊர்ந்து வந்ததும் அத்தை போய் முன்கதவில் உள்ளங்கையால் படபடவென்று தட்டினாள்.

தாமோதரன் கண்ணாடியை இறக்கினார். "யக்கா, இங்க இன்னா பண்றீங்க?"

"வேலைக்கு வர்றோம். கதவத் தொற அண்ணாத்த."

"இப்பதான் கால் போட்டேன், ஸ்விச்சாஃப்னு வருது. லீவுனு நெனச்சி நேரா போயிருப்பேன்."

"அதான் வந்துட்டோம்ல. தொற, பின்னாடி லாரிக்காரன் கத்தறான்."

ஏறினார்கள். ஜன்னல் வழியாக அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேன் போய்விட்டது. நான் ஆட்டோவுக்குக் காசில்லாமல் வெயிலில் நடந்தே வீடு வந்தேன்.

இருபத்தொன்பதாம் தேதி பட்டியல் ஒட்டினார்கள். ஏழு பேர் பெயரும் இருந்தது. செங்கம்மாள் அன்று ஊரையே கூட்டி, தான்தான் கேட்டுக்குப் போகலாம் என்று யோசனை சொன்னதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை நீலக் கோட்டை நீவி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அத்தை என்னைக் கூப்பிட்டாள். செங்கல்பட்டு போனோம். பரணிதரனிடம் போன தடவை எடுத்த அதே சார்ஜரைக் கேட்டாள். இழுக்கவில்லை. பேரமும் பேசவில்லை. பரணிதரன் பயந்துவிட்டார். "இன்னாக்கா, உடம்பு சரியில்லையா?" என்றார்.

ஊருக்கு வந்ததும் அவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து, டப்பாவோடு சார்ஜரை என் கையில் கொடுத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும். காலைல நான் போனை எடுத்தாந்து போட்டுக்கறேன்."

"ஏன் அத்தை? உன் வூட்லயே வை. கட்டாம, சுத்தாம இருந்தா போதும்."

அத்தை தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இருக்காதுடி. நீ சொல்றது தலைக்குத் தெரியுது, கைக்குத் தெரியல. பக்கத்துல கெடந்தா எடுத்துச் சுத்திடும்."

அந்த சார்ஜர் இரண்டு வருடமாக நன்றாக இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு அத்தை போனோடு வந்து எங்களை எழுப்புகிறாள். சார்ஜ் ஏறும்வரை அம்மாவோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் தூக்கம் போகிறது. ஒரு நாள் தாங்க முடியாமல், போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ, ஏறியதும் நானே கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

"ஐய, உன்ன நம்பியா?" என்றாள் அத்தை. "ஏழு பேரு வேலடி அது."